வால் முனையிலிருந்து வரும் காற்று

பயணிகள் விமானத்தின் வால் நுனியில் வட்டமாக ஒரு துவாரம் இருக்கும். இறக்கைக்குக் கீழுள்ள பெரிய எஞ்சின்கள் ஓய்ந்து நிற்கும்போதும் அங்கிருந்து வெப்பக் காற்று சீறிக்கொண்டு வரும். உள்ளே ஓடுவது ஏபியு எனப்படும் துணை எஞ்சின். அது மின்சாரமும் தருகிறது, அழுத்தப்பட்ட காற்றும் தருகிறது. இரண்டில் காற்றுதான் பெரிய சுமை.

பெரிய ஜெட் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்ப மிகுந்த ஆற்றல் வேண்டும். பெரும்பாலான விமானங்களில் அந்த வேலையைச் செய்வது, எஞ்சினோடு பல்சக்கரங்களால் இணைந்த ஒரு சிறு காற்று டர்பைன். முன்பு அதற்கான காற்றைத் தரைவண்டிதான் கொண்டுவந்து தர வேண்டியிருந்தது. 1963-ல் முதன்முதலாகப் பறந்த போயிங் 727 தன் ஏபியுவைத் தன்னோடு சுமந்ததால், வசதி குறைந்த சிறு நிலையங்களிலும் யார் துணையும் இன்றிக் கிளம்ப முடிந்தது.

ஏர்பஸ் ஏ320-ஐ எடுத்துக்கொள்ளலாம். வாலின் அடிப்புறத்தில் ஒரு மடல் திறக்க, வெளிக்காற்று உள்ளே வந்து இரண்டாகப் பிரியும். ஒரு பங்கு எரிபொருளோடு எரிந்து டர்பைனைச் சுழற்றும். மறு பங்கு, அதே தண்டில் பூட்டிய தனி கம்ப்ரசருக்குப் போகும். எரியும் பக்கத்தோடு கலவாத அந்தக் காற்றுதான் விமானத்துக்கு. பழைய ஏபியுக்களில் இந்தத் தனி கம்ப்ரசர் கிடையாது. எரிவதற்கு அழுத்திய காற்றிலிருந்தே ஒரு பகுதியை உருவி எடுத்தார்கள்.

அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 49,000 முறை சுற்றுகிறது. மின்சாரம் 400 ஹெர்ட்ஸில் நிலைத்து நிற்க வேண்டும் என்பதால் இந்த வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஆனால் காற்றின் தேவை நிமிடத்துக்கு நிமிடம் மாறும். வேகத்தைத் தொடாமல் காற்றின் அளவை மட்டும் எப்படி மாற்றுவது? இந்த அமைப்பின் அழகே இதற்குக் கண்ட விடையில் இருக்கிறது. கம்ப்ரசரின் வாயைச் சுற்றி, ஜன்னல் சட்டங்களைப் போல் சாய்ந்து நிமிரும் தகடுகளை வைத்தார்கள். எஞ்சின் கிளப்பும்போது அவை அகலத் திறக்கும். டர்பைன் அளவுமீறிச் சூடானால் சற்றே மூடி, காற்றைக் குறைத்து மின்சாரத்தைக் காக்கும்.

எதிர்பாராமல் காற்றின் தேவை நின்றுவிட்டால் ஆபத்து. குழாயில் திரண்ட அழுத்தம் திரும்பிவந்து கம்ப்ரசர் சக்கரத்தின் மீதே மோதும். இதற்கு சர்ஜ் என்று பெயர், தண்டையே உலுக்கிவிடும். அதனால் மிகுந்த காற்றைப் புகைப்போக்கிக்குத் திருப்பிவிட ஒரு வால்வு உண்டு.

அழுத்தத்தில் 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறிய காற்று, குழாய் வழியே விமானத்தின் நடுப்பகுதிக்கு ஓடுகிறது. அங்கே ‘பேக்’ எனப்படும் இரண்டு குளிரூட்டிகள் அதைத் தணித்துப் பயணிகளிடம் அனுப்புகின்றன. எஞ்சின் கிளப்பும்போது பேக்குகளுக்குப் போகும் வால்வுகள் மூடிக்கொள்ளும், முழுக்காற்றும் எஞ்சினுக்கே வேண்டும் என்பதால். தலைக்கு மேலுள்ள துளையிலிருந்து வந்த குளிர்காற்று சற்று நேரம் நின்று, பிறகு திரும்ப வருவதைப் பயணி கவனித்திருக்கலாம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதன் அதிக அழுத்தக் காற்று ஏபியுவுக்குள் பின்னோக்கிப் பாயாதபடி குழாயில் ஒருவழி வால்வு தடுக்கும்.

தண்டின் எண்ணெய்த் தடுப்பு வளையம் தேய்ந்தால், கசியும் எண்ணெய் இந்தக் காற்றோடு கலந்து அழுக்குக் காலுறை வாடையாகப் பயணிகள் அறைக்கு வரும். பயணிகள் மூச்சில் இழுக்கும் காற்று என்பதால் பழுதுபார்ப்பவர்கள் இந்த வாடையை ஒருபோதும் அலட்சியம் செய்யக் கூடாது.

வானிலும் ஏபியு உதவும். ஆனால் உயரே காற்று மெலிதாவதால் ஏ320-இல் 20,000 அடி வரைதான் அதிலிருந்து காற்று எடுக்கலாம். அதற்கு மேல் மின்சாரம் மட்டுமே. காற்று கொடுத்த ஏபியுவை நிறுத்தும்போதும் அது சட்டென்று அணையாது. சுமையின்றி ஓரிரு நிமிடம் ஓடி, டர்பைன் சூடு தணிந்த பிறகே நிற்கும்.

போயிங் 787-இல் இந்தக் குழாய்வழியே கிடையாது. அதன் ஏபியு 225 கேவிஏ ஜெனரேட்டர்கள் இரண்டைச் சுழற்றுகிறது. எஞ்சின் மின்சாரத்தில் கிளம்புகிறது, பயணிகளுக்கான காற்றை மின் கம்ப்ரசர்கள் வெளியிலிருந்து நேராக இழுத்துக்கொள்கின்றன.