மோடம் ஏற்பியில் தன்னியக்கப் பெருக்கக் கட்டுப்பாடு

கொச்சித் துறைமுகத்தை அடுத்த மட்டாஞ்சேரி, மிளகு வணிகத்தால் பெயர் பெற்ற ஊராகும். இங்குள்ள யூதர் தெருவில் 1957-ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய மிளகு, நறுமணப்பொருள் வணிகச் சங்கத்தின் களத்தில் மிளகின் முன்பேர வணிகம் நெடுங்காலம் கூவி விலை பேசும் முறையிலேயே நடைபெற்றது. களத்தில் எழுந்த விலை தொலைபேசிக் கம்பி வழியே வெளியூர்களை எட்டியது. பின்னர் இவ்வணிகம் கணிப்பொறித் திரைக்கு மாறிற்று.

தொலைபேசியில் எதிர்முனைக் குரல் நலிந்திருந்தால், "சற்று உரக்கச் சொல்லுங்கள்" என்று மனிதன் கேட்கலாம். செவியும் ஓரளவு தன்னைச் சரிசெய்துகொள்ளும். கணிப்பொறியின் எண்களைத் தொலைபேசிக் கம்பிக்கு ஏற்ற ஒலி அலைகளாக மாற்றி அனுப்பவும், வந்தவற்றை மீண்டும் எண்களாக்கவும் பயன்படும் மோடத்திற்கு இந்த வசதி இல்லை. வரும் சமிக்ஞை எத்தகையதாயினும் அதை ஒரே அளவிற்குக் கொண்டுவரும் பொறுப்பு அதன் ஏற்பியையே சார்ந்தது. இப்பணியைச் செய்யும் சுற்றே தன்னியக்கப் பெருக்கக் கட்டுப்பாடு எனப்படுகிறது.

இதன் தேவை எத்துணைப் பெரிது என்பதை வினாடிக்கு 2,400 பிட்டுகளை அனுப்பும் வி.22 பிஸ் தரத்தைக் கொண்டு அறியலாம். இத்தரத்தில் வினாடிக்கு 600 குறியீடுகள் செல்கின்றன. ஒவ்வொரு குறியீடும் 4 பிட்டுகளைச் சுமக்கிறது. இதற்காக அலையின் கட்டமும் வீச்சும் சேர்ந்து 16 புள்ளிகளாக அமைக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் அச்சிலும் வீச்சு 1 அல்லது 3 என இருக்கும்; எல்லைக்கோடு 2. பெருக்கம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் போதும்; 3 என்று அனுப்பப்பட்டது 2 ஆக வந்து சேரும். அது 1 தானா, 3 தானா என்று ஏற்பியால் முடிவு செய்ய இயலாது. அதாவது மூன்றரை டெசிபல் பிழையே இந்த ஏற்பியைக் குழப்பப் போதுமானது.

கம்பியில் நேரும் வேறுபாடோ இதைவிடப் பன்மடங்கு பெரியது. நல்ல இணைப்பில் ஒரு மில்லிவாட்டின் பத்தில் ஒரு பங்கு ஆற்றல் வந்து சேரலாம். நலிந்த இணைப்பில் அது இருபதாயிரத்தில் ஒரு பங்காகவும் குறையலாம்; அந்நிலையிலும் ஏற்பி சமிக்ஞையை உணர்ந்தாக வேண்டும் என்று தரம் விதிக்கிறது. இவ்விரண்டிற்கும் இடையே ஆற்றலில் 2,000 மடங்கும் மின்னழுத்தத்தில் சுமார் 45 மடங்கும் வேறுபாடு உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் கொச்சியைப் போன்ற கடலோர ஊர்களில், கேபிளின் உறையில் விரிசல் விட்டாலோ இணைப்பு முனைகள் உப்புக்காற்றில் அரிக்கப்பட்டாலோ நேற்றிருந்த அளவு இன்றிராது.

சுற்றின் அமைப்பு எளியது. பெருக்கியிலிருந்து வெளிவரும் சமிக்ஞையின் சராசரி ஆற்றல் அளக்கப்பட்டு, குறித்த ஓர் அளவுடன் ஒப்பிடப்படுகிறது. மிகுந்திருந்தால் பெருக்கம் குறைக்கப்படும், குறைந்திருந்தால் கூட்டப்படும். இக்கருத்து வானொலியிலிருந்து வந்ததாகும். 1925-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் ஹரால்ட் வீலர், அருகிலுள்ள நிலையம் அலறாமலும் தொலைவிலுள்ள நிலையம் தேயாமலும் ஒலிக்கச் செய்யும் சுற்றை வகுத்தார்.

வானொலியில் தீர்ந்த சிக்கல் மோடத்தில் வேறு வடிவில் தலைதூக்குகிறது. இங்கு வீச்சிலேயே செய்தி அடங்கியுள்ளது. கட்டுப்பாடு மிக விரைவாக இயங்கினால், சிறிய வீச்சுள்ள குறியீடுகள் சில தொடர்ந்து வரும்போது அவற்றைக் கம்பியின் நலிவு என்று கருதிப் பெருக்கத்தைக் கூட்டிவிடும். நோயைத் தீர்க்க வந்த மருந்தே செய்தியை அழிக்கும். மிக மெதுவாக இயங்கினால், இணைப்பின் தொடக்கத்தில் நிலைகொள்ளுமுன் பல குறியீடுகள் பிழைபட்டுப் போகும். இவ்விரண்டிற்கும் இடைவழி காணவே பொறியாளர்கள் பெரிதும் உழைத்துள்ளனர். இணைப்புத் தொடங்குகையில் ஒரே வீச்சுள்ள குறியீடுகள் மட்டும் அனுப்பப்படுகின்றன. அப்போது கட்டுப்பாடு விரைந்து இயங்கி நிலைபெறும். பின்னர் அதன் வேகம் குறைக்கப்பட்டு, பல நூறு குறியீடுகளின் சராசரியையே அது பின்பற்றும்.

சராசரி நம்பத்தக்கதாய் இருக்கவும் ஓர் ஏற்பாடு உண்டு. பயனாளர் ஒன்றும் தட்டாது வாளாவிருக்கும்போது ஒரே பிட் தொடர்ச்சியாகச் செல்லும். அதை அப்படியே அனுப்பினால் குறியீடுகள் எல்லாப் புள்ளிகளிலும் பரவாமல், சராசரி ஒருபக்கமாகச் சாயும். ஆகவே அனுப்பும் மோடம் பிட்டுகளை ஒரு விதிப்படி கலைத்து அனுப்புகிறது. ஏற்பி அதே விதியைக் கொண்டு மீட்டெடுக்கிறது.

சமிக்ஞை நொடிப்பொழுது அறுந்துபோகும்போது என்ன செய்வது? கட்டுப்பாட்டை அதன் போக்கில் விட்டால், பெருக்கம் உச்சத்திற்கு ஏறி வெறும் இரைச்சலைப் பெருக்கும். சமிக்ஞை திரும்பும்போது பெருக்கி திணறிப்போகும். எனவே அறுந்த கணத்திலேயே பெருக்கம் இருந்த நிலையில் நிறுத்தி வைக்கப்படுகிறது.

எல்லாக் கருவிக்கும் இம்முறை பொருந்துமென எண்ணலாகாது. மட்டாஞ்சேரிக்கு அருகிலுள்ள தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்துப் படகுகளில் எதிரொலிமானிகள் உள்ளன. அவற்றில் 10 மீட்டர் ஆழத்து மீனின் எதிரொலியைவிட 40 மீட்டர் ஆழத்து மீனின் எதிரொலி 256 மடங்கு ஆற்றல் குன்றியிருக்கும். இங்கு வரும் ஒலியை அளந்து பெருக்கத்தை மாற்றினால், சிறு கூட்டமும் பெருங்கூட்டமும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே ஒலி புறப்பட்ட கணத்திலிருந்து கழிந்த நேரத்திற்கேற்பப் பெருக்கம் முன்கூட்டியே வகுத்தபடி உயர்த்தப்படுகிறது. இழப்பு முன்னறியத்தக்கதாயின் நேரமே போதும். மோடத்தின் கம்பியில் அது முன்னறியத்தக்கதன்று.

நிர்வாகத்தினர் கருதவேண்டிய செய்தி ஒன்றுண்டு. இக்கட்டுப்பாடு சமிக்ஞையைப் பெருக்கும்போது உடன்வந்த இரைச்சலையும் அதே அளவில் பெருக்குகிறது. இரண்டிற்குமுள்ள விகிதம் சிறிதும் உயர்வதில்லை. நனைந்த கேபிளுக்கு விலையுயர்ந்த மோடம் மாற்றாகாது. 1988-இல் வெளிவந்த வி.42 தரம் போன்ற பிழைதிருத்த முறைகள் பிழைபட்ட பகுதியை மீண்டும் கேட்டுப் பெறுமாதலால் தவறான விலை திரையில் தோன்றுவது தவிர்க்கப்படும். ஆனால் இழக்கப்படுவது நேரம். நிமிடந்தோறும் விலை மாறும் சந்தையில் அதுவும் சிறிய இழப்பன்று.

ஏற்பி எவ்வளவு பெருக்கத்தை நாடியது என்பதைக் கொண்டே கம்பியின் நிலையை அறியலாம். பல மோடங்கள் இதிலிருந்து கணக்கிட்ட சமிக்ஞை அளவைக் கேட்டவுடன் தெரிவித்தன. அந்த எண்ணை நாள்தோறும் குறித்துவந்தால், இணைப்பு அறுமுன்பே பழுதைக் காணலாம். தொலைபேசிக் கம்பி மோடம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆயினும் கைப்பேசித் திரையில் தோன்றும் சமிக்ஞைக் கோடுகளுக்கான கணக்கிலும் ஏற்பியின் பெருக்க அளவு இடம்பெறுகிறது.