நோயுற்ற ஆடு எதைத் தேடுகிறது?



நமது தெமோதரைப் பகுதியில் ஆடு, மாடு வளர்ப்போர் சொல்லும் பேச்சொன்று உண்டு: “வாயில்லாச் சீவனுக்குத் தன் மருந்து தெரியும், வைத்தியர் எதற்கு?” இதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதி உயிரைப் பறிக்கக்கூடியது.

முதலில் உண்மையான பாதியைப் பாருங்கள். ஊவா மாகாணத்தின் எல்லையில் அமைந்த உடவலவை தேசியப் பூங்காவில் யானைகள் சில குறிப்பிட்ட இடங்களை நாடிச் சென்று மண்ணைத் தின்கின்றன. தாதுச் சத்துக்காக இருக்கலாம் என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் அம்மண்ணையும் யானைகள் தீண்டாத மண்ணையும் ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வு வேறு விடையைத் தந்தது. தாதுக்களில் பெரிய வேறுபாடு இல்லை. களிமண்ணின் தன்மையிலேயே வேறுபாடு இருந்தது. தழைகளிலுள்ள நச்சைக் களி பற்றிக்கொள்ளும். அதற்காகவே யானைகள் அதை உண்கின்றன என ஆய்வாளர்கள் கருதினர்.

1987இல் தான்சானியாவின் மஹாலே மலைக்காட்டில், நோயுற்றுச் சோர்ந்திருந்த சிம்பன்சி ஒன்று கசப்பான செடியொன்றின் தண்டை உரித்து, உட்சோற்றை மென்று சாற்றை விழுங்கியது. மறுநாள் தேறியது. அப்பகுதி மக்களும் அச்செடியையே வயிற்று நோய்க்கு மருந்தாகக் கொள்கின்றனர். 2022இல் சுமாத்திராவில் முகத்தில் காயம்பட்ட ஒராங்குட்டான் மூலிகைக் கொடியின் இலையை மென்று காயத்தில் பூசியது. சில நாட்களில் காயம் மூடிக்கொண்டது. அத்தியாயம் ஒன்றுக்கே பெயரான தேனீயும், கூட்டில் பூஞ்சண நோய் பரவும்போது மரப்பிசினை அதிகமாகச் சேகரிக்கிறது. படைத்தவனின் ஏற்பாட்டை என்னென்பது!

இனி, மற்றப் பாதி. பாம்போடு பொருதிய கீரி ஒரு பூண்டைத் தின்று விஷத்தை முறிக்கும் என்பர். நாகத்தின் நரம்பு விஷம் பற்றவேண்டிய இடம் கீரியின் தசையில் வேறு வடிவில் அமைந்திருப்பதே அதன் காப்பு. நம் தசைக்கு அது இல்லை. பாம்பு தீண்டிய பிள்ளைக்குப் பூண்டு தேடி அலையாதீர்கள். உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ஆட்டின் கதை இன்னும் நெருக்கமானது. குடற்புழு கண்ட செம்மறிகள் துவர்ப்புத் தழைகளைக் கூடுதலாக உண்பதை ஆய்வுகள் கண்டுள்ளன. ஆயினும் இவ்வறிவு முழுவதும் பிறவியிலேயே வருவதன்று. தின்று பார்த்துப் பெறும் அனுபவமும் வேண்டும். அதற்குப் பலவகைத் தழையும் நடமாட்டமும் தேவை.

நான் அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில், ஒரு விடுமுறையில் எங்கள் வீட்டு ஆடு நாளுக்கு நாள் மெலிந்தது. தானே மருந்து தேடிக்கொள்ளும் என்று வாப்பாவும் நானும் இருந்துவிட்டோம். நான்கு முழக் கயிற்றில், தேயிலை மலையோரம் கட்டிக் கிடந்த ஆடு எதைத் தேடும்? எட்டாம் நாள் அது இறந்தது. இதை எழுதவே எனக்கு வெட்கமாயிருக்கிறது.

கயிற்றைக் கட்டியவர் நாமாயின், மருந்து தேடும் பொறுப்பும் நம்முடையது. நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமானவற்றோடு சேர்க்கலாகாது என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. ஆகவே நோய்கண்ட ஆட்டை முதலில் பிரித்து வையுங்கள். கண்ணிமையைத் தாழ்த்தி உட்புறத்தைப் பாருங்கள். அது வெளிறியிருந்தால், அல்லது தாடையின் கீழ் வீக்கம் கண்டால், குடற்புழு இரத்தத்தை உறிஞ்சுகிறது என ஐயுற வேண்டும். அன்றைக்கே மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள்.