மிளகின் பெயரில் வந்த காய்

மும்பையின் மாட்டுங்கா மார்க்கெட்டில் நாம் 'மிளகாய்' என்று கேட்போம். கடைக்காரர் 'மிர்ச்சி' என்று சொல்லிக்கொண்டே நிறுத்துப் போடுவார். இரண்டு சொல்லையும் உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது மிளகு. மிளகு போன்ற காய், மிளகாய். மிளகைக் குறிக்கும் சமஸ்கிருத 'மரீச'த்திலிருந்து வந்தது மிர்ச்சி. மராத்தியில் மிளகுக்கு இன்றும் 'மிரி' என்றுதான் பெயர்.

ஆனால் இரண்டும் சொந்தமே இல்லை. மிளகு நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் கொடி, வெற்றிலையின் உறவு. மிளகாய் கத்தரியின் உறவு, பிறந்த மண் அமெரிக்கக் கண்டம். அதைப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பயிராக்கியவர்கள் மெக்சிகோவின் பழங்குடி உழவர்கள்.

1492-இல் மிளகைத் தேடிக் கப்பலேறிய கொலம்பஸ் கரீபியன் தீவுகளில் கண்டது இந்தக் காரக் காயை. ஸ்பானியர்களும் அதற்கு மிளகின் பெயரையே சற்று மாற்றி வைத்தார்கள். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அதை நம் மேற்குக் கரையில் இறக்கினார்கள். 1534-இல் பம்பாய்த் தீவுகளும் அவர்கள் கைக்குப் போயின.

கடல் கடந்து மூன்று மொழிக்காரர்கள், ஒருவரை ஒருவர் கேட்காமலே, ஒரே பெயரை வைத்தது எப்படி? விடை நாக்கில் இருக்கிறது. நம் நரம்பு நுனிகளில் டிஆர்பிவி1 என்றொரு புரதம் உண்டு. சுமார் 43 டிகிரி சூட்டில் அது திறந்து, 'சுடுகிறது' என்று மூளைக்குச் சொல்லும். மிளகாயின் கேப்சைசினும் மிளகின் பைப்பரினும், சூடே இல்லாமல், அதே கதவைத் தட்டுகின்றன. இந்தப் புரதத்தை 1997-இல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசு பெற்றார். பறவைகளின் புரதம் கேப்சைசினுக்கு அசையாது. கிளி மிளகாயைக் கொறிப்பது அதனால்தான். பறவைகள் தின்று போடும் விதைதான் காட்டில் முளைக்கிறது.

செடியைப் பார்த்தால் தப்பான பெயர். நாக்கைக் கேட்டால் சரியான பெயர்.

இன்று தாராவிச் சட்னியிலும் செம்பூர் சாம்பாரிலும் மிளகாய்தான் ராஜா. மாட்டுங்காவின் அக்ரகார வழி வந்த வீடுகளில் திவசத்தன்று மட்டும் அதற்கு இடமில்லை. அன்றைக்குக் காரம், மிளகு.