மடங்க மறுக்கும் முழங்கால்

நலமுள்ள முழங்கால் ஏறத்தாழ 135 பாகை வரை மடங்கும். சமதரையில் நடப்பதற்கு 65 பாகையளவு போதும். கதிரையினின்று எழுவதற்கோ 90 பாகைக்கு மேல் வேண்டும். ஆதலால், 60 பாகையுடன் நின்றுவிட்ட முழங்காலையுடையவர், தம் வீட்டிலேயே எழவும் படியேறவும் பிறர் கையை எதிர்பார்க்க நேர்கின்றது.

இவ்விறைப்பு எங்ஙனம் உண்டாகின்றது? எலும்பு முறிவு, மூட்டுச் சத்திர சிகிச்சை முதலியவற்றின் பின் புண் ஆறும்பொழுது தழும்பு தோன்றுவது இயற்கை. சிலரிடத்தில் அஃது அளவு கடந்து வளர்ந்து, வழுக்கிச் செல்ல வேண்டிய மூட்டின் உட்பரப்புகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றது. காலை நெடுநாள் அசையாது வைத்திருப்பின் அவ்வொட்டு மேலும் இறுகும்.

பயிற்சியினால் பயன் கிட்டாதவிடத்து வைத்தியர் மூன்று வழிகளை நாடுவர். முதலாவது, நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தி, காலை மெல்ல மடக்கி ஒட்டுகளை விடுவித்தல். இது தழும்பு முற்றாத தொடக்க வாரங்களுக்கே ஏற்றது; முற்றியபின் வலிந்து மடக்கினால் எலும்பு முறியவும் தசைநார் அறுபடவும் கூடும்.

இரண்டாவது, சிறு துளைகளின் வழியே நோக்குக்குழாயைச் செலுத்தி, தழும்பைக் கண்டு வெட்டி நீக்குதல். 1918ஆம் ஆண்டில் யப்பானிய வைத்தியர் கெஞ்சி தக்காகி, இறந்தவரொருவரின் முழங்காலினுள்ளே இத்தகைய குழாயினால் நோக்கினார். அவர் வழிவந்த மசாக்கி வத்தனாபே அக்கருவியைச் செம்மை செய்தார்.

மூன்றாவது, திறந்த சத்திர சிகிச்சை. தொடைத் தசையே எலும்போடு ஒட்டிக்கொண்டவிடத்து இது வேண்டப்படும். அத்தசையை விடுவித்துக் கீழ்நோக்கி நகரவிடும் முறையொன்றைப் பிரெஞ்சு வைத்தியர் றொபேர் ஜூடே 1959இல் விளக்கினார்.

எனினும், சத்திர சிகிச்சையும் ஒரு காயமே. காயம் உள்ளவிடத்துத் தழும்பு மீண்டும் வளர முயலும். ஆகவேதான், நோவு தணிக்கும் மருந்தளித்து, அன்றோ மறுநாளோ காலை மடக்கவும் நீட்டவும் தொடங்குகின்றனர். இயன்மருத்துவரின் மேற்பார்வையில் அப்பயிற்சி பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள், தொடர்தல் வேண்டும்.

நோயாளி நோவினால் முகஞ் சுளிக்கக் கண்டு, "காலை ஆட்டாமற் கிடவும்" என்று அன்பினாற் கூறும் உறவினர் பலர். அவ்வன்பே வைத்தியர் பெற்றுத்தந்த பாகைகளை ஒவ்வொன்றாகப் பறித்துவிடக்கூடும். கத்தி வழியைத் திறக்கலாம். அவ்வழி மூடாது காப்பது நாடோறும் செய்யும் பயிற்சியே.