பசித்த மாட்டுக்குப் பந்திச் சோறு போடாதீர்கள்

சித்திரை பிறந்து வெயிலும் முகூர்த்தமும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால், கால்நடை மருத்துவர்களுக்கு ஒரே மாதிரி அழைப்புகள் வரத் தொடங்கும். "டாக்டர், நேத்து ராத்திரி நல்லாத்தான் தின்னுச்சு. காலையில எந்திரிக்கவே இல்ல." என்ன தின்றது என்று கேட்டால் பதில் மெதுவாக வரும். மண்டபத்தில் மிஞ்சிய சோறு, இரண்டு அன்னக்கூடை. அதற்கு முன்பு வாரக்கணக்கில் அந்த மாடு மென்றது காய்ந்த தட்டையும் சுவரொட்டியும்தான். பட்டினியால் சாகும் மாடுகளைவிட, பட்டினி முடிந்த அன்று போட்ட விருந்தால் சாகும் மாடுகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

பென்குயின் தாங்கும், பசு தாங்குமா?

"மிருகந்தானே சார், பத்து நாள் தாங்காதா?" என்பார்கள். தாங்குகிற விலங்குகள் உண்டு. அண்டார்டிகாவில் அடைகாக்கும் ஆண் எம்பெரர் பென்குயின் ஏறத்தாழ 4 மாதம் ஒன்றும் தின்னாது. குளிர்காலம் முழுக்க உறங்கும் கரடி, சிறுநீரில் போகவேண்டிய யூரியாவையே மறுபடி புரதமாக்கித் தன் தசையைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஆனால் இரண்டுமே முன்கூட்டிக் கொழுத்துக்கொண்டு, பிறகு அசைவைக் குறைத்துக் காலம் தள்ளுபவை. உங்கள் கலப்பினப் பசுவை நீங்கள் இரண்டு வேளை கறக்கிறீர்கள். கன்று ஈன்ற புதிதில் தீனி குறைந்தால், அது தன் கொழுப்பைக் கரைத்துத்தான் பால் தருகிறது. கரைந்த கொழுப்பு கல்லீரலில் படியும். இரத்தத்தில் கீட்டோன் ஏறும். காங்கேயம் போன்ற நாட்டு மாட்டுக்குப் பாலும் குறைவு, தேவையும் குறைவு. அது பஞ்சத்தில் நின்றதை வைத்து ஜெர்சி கலப்புக்குக் கணக்குப் போடாதீர்கள்.

"பசித்த வயிறு எதையும் செரிக்கும்"

செரிக்காது. மாட்டின் தீனியைச் செரிப்பவை அதன் முதல் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். தீனி குறைந்தால் அவையும் மடியும். யூரியாவில் ஒரு பகுதியை உமிழ்நீர் வழியாகத் திரும்ப வயிற்றுக்கு அனுப்பி, மாடு அவற்றை ஓரளவு பிழைக்க வைக்கிறது. வெறும் வைக்கோலில் ஒரு கோடையைத் தள்ளும் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. வைக்கோலுக்குப் பழகிய அந்த வயிற்றில் திடீரென்று சோறோ, பொங்கலோ, அரிசிக் கஞ்சியோ விழுந்தால், மாவுச்சத்தைத் தின்று பெருகும் கிருமிகள் லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. இடப்பக்க வயிற்றைக் கையால் அழுத்தி ஆட்டினால் உள்ளே தண்ணீர் தளும்பும். சாணம் புளித்த வாடையோடு நீராய்ப் போகும், அதில் முழுச் சோற்றுப் பருக்கை தெரியும். கண் குழிவிழும். பிறகு மாடு தலையை விலாப்பக்கம் திருப்பிப் போட்டுப் படுத்துவிடும். இந்த நிலையில் என்னைக் கூப்பிடுகிறீர்கள். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளும் இதே கதைதான்.

"கஞ்சி லேசானதுதானே?" காய்ச்சல்காரருக்கு லேசானது. மாட்டுக்கு விஷம்.

"வயிறு பெரிசா இருக்கே, எப்படிப் பட்டினி?" சத்தில்லாத காய்ந்த தட்டையும் பிளாஸ்டிக் பையும்கூட வயிற்றை நிரப்பும். வயிற்றைப் பார்க்காதீர்கள், விலா எலும்பையும் வாலடியையும் தடவிப் பாருங்கள்.

"லங்கணம் பரம ஔஷதம்" என்று சினை ஆட்டைப் பட்டினி போடுபவர்களிடம்தான் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. குட்டியின் வளர்ச்சியில் பெரும்பகுதி சினையின் கடைசி 6 வாரத்தில் நடக்கிறது. வயிற்றில் இரண்டு மூன்று குட்டி இருந்தால் தாய் தன் உடம்பையே உருக்கிக் கொடுக்கும். மந்தையை விட்டு ஒதுங்கி நிற்கும், பல்லைக் கடிக்கும், கண் தெரியாததுபோல் சுவரில் முட்டி நிற்கும். அன்றைக்கே வந்தால் வழி உண்டு. படுத்தபின் தூக்கி வந்தால் பெரும்பாலும் தாயும் இல்லை, குட்டியும் இல்லை.

கைவைத்தியம் என்னும் தொல்லை

கழுத்தைத் தூக்கிப் பிடித்து எண்ணெயைப் புட்டியால் ஊற்றுகிறார்கள். பாதி நுரையீரலுக்குள் போய், அமில நோயோடு நிமோனியாவும் சேர்ந்துகொள்கிறது. இன்னும் சிலர் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி வாய்வழியே கொடுக்கிறார்கள். மிச்சமிருந்த நல்ல நுண்ணுயிர்களும் போய்விடும். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டால், பக்கத்து வீட்டுக்காரர்!

வயிற்று நீரின் அமிலத்தன்மை, சிறுநீரில் கீட்டோன். நோயைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இந்த இரண்டு சோதனை போதும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

தீனி கிடைத்த அன்றே வாரிக் கொட்டாதீர்கள். முதலில் வைக்கோல், தண்ணீர். அடர்தீவனத்தை ஒரு கைப்பிடியில் தொடங்கி, பத்துப் பதினைந்து நாளில் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். முதல் மழைக்குத் துளிர்த்த இளஞ்சோளத்தில் பசித்த மாட்டை அவிழ்த்துவிடாதீர்கள். அதில் சயனைடு நஞ்சு இருக்கும், மருத்துவர் வருவதற்குள் முடிந்துவிடும். அறுவடை நேரத்தில் வைக்கோலை எல்லாம் விற்றுவிடாமல் கோடைக்குக் கொஞ்சம் படப்பு போட்டு வையுங்கள். மண்டபக்காரர்களே, மிஞ்சிய சோற்றைத் தெரு மாட்டுக்குக் கொட்டுவது புண்ணியம் இல்லை. மாடு சோற்றுக் கூடையில் வாய் வைத்துவிட்டது என்று தெரிந்தால் அசைபோடுகிறதா என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள்; அந்த இரவே கால்நடை உதவி எண் 1962-க்குக் கூப்பிடுங்கள்.