ஆபரேஷனுக்குப் பின் கிட்னி கெட்டால்... காக்கையா? பனம்பழமா?

காஞ்சிப் பட்டின் கரையிலே அன்னம் நீந்துகிறது, மயில் ஆடுகிறது. இவற்றைத் தறிக்குச் சொல்லிக் கொடுப்பது எது? ஓட்டை போட்ட அட்டை! அந்த அட்டையில் ஓர் ஓட்டை இடம் மாறினால் போதும். அன்னத்தின் மூக்கு கோணிப் போகும்.

நோய்களுக்கும் இப்படி ஓர் அட்டை உண்டு. அதில் ஓட்டைக்குப் பதில் எண்!

நோய்க்கு ஓர் எண்

1893-ம் ஆண்டில், பிரான்சு நாட்டுப் புள்ளிவிவர நிபுணர் பெர்ட்டிலான், மரணத்தின் காரணங்களைப் பட்டியல் போட்டார். 1948 முதல் அதை உலக சுகாதார நிறுவனம் கவனித்து வருகிறது. இன்று எல்லா நோய்களுக்கும் அதில் எண் உண்டு.

ஆஸ்பத்திரித் தாள்களைப் படித்து எண் போடும் வேலைக்கு 'மெடிக்கல் கோடிங்' என்று பெயர். அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்காக இந்த வேலையைச் செய்கிறவர்களில் பலர் நம் தமிழ்நாட்டுப் பட்டதாரிகள்!

கிட்னி ஏன் திணறுகிறது?

மாகறலில் ஒருவருக்கு ஆபரேஷன் நடந்தது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் சிறுநீர் குறைகிறது. 'கிரியாட்டினின்' என்ற கழிவு ரத்தத்தில் ஏறுகிறது. 50 கிலோ எடை உள்ளவருக்கு 6 மணி நேரத்தில் 150 மில்லி சிறுநீர்கூடப் போகவில்லை என்றால், டாக்டர்கள் உஷாராகி விடுவார்கள்.

காரணம் என்ன? ரத்தம் நிறையப் போயிருக்கலாம். ரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம். ஆஞ்சியோகிராமுக்குச் செலுத்திய சாய மருந்தாக இருக்கலாம். வலி மாத்திரையாகவும் இருக்கலாம். உடனே கவனித்தால் பலருக்குக் கிட்னி மீண்டும் வேலை செய்யும். சிலருக்குக் கொஞ்ச நாள் டயாலிசிஸ் தேவைப்படும்.

ஒரு சொல்லில் வழக்கு!

இப்போது எந்த எண் போடுவது?

திடீரென்று கிட்னி செயல் இழந்தால் 'என் 17'. சிகிச்சையின் விளைவாக அது நேர்ந்தால் 'என் 99.0' என்ற எண்ணும் சேரும்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். பழத்தைத் தள்ளியது காக்கையா? பழுத்ததால் தானே விழுந்ததா? ஆபரேஷனுக்குப் 'பின்' என்பது வேறு. ஆபரேஷ'னால்' என்பது வேறு!

எண் போடுகிறவர் தாமாகத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. "இதனால்தான் இது" என்று டாக்டர் எழுதியிருக்க வேண்டும். தெளிவாக இல்லையென்றால் டாக்டரையே கேட்க வேண்டும். அதுதான் விதி.

ஏன் இத்தனை கண்டிப்பு? தவறாகப் போட்டால், குற்றமற்ற டாக்டர் மீது பழி விழும். போட வேண்டியதைப் போடாமல் விட்டால், உண்மை மறைந்துவிடும். எந்தச் சிகிச்சையில் கிட்னி அதிகம் கெடுகிறது என்ற கணக்கே பொய்யாகும். அடுத்த நோயாளிக்கு எச்சரிக்கை கிடைக்காது. அமெரிக்காவில் ஆஸ்பத்திரிக்குக் கிடைக்கும் பணமும் இந்த எண்களைப் பொறுத்தது.

நாம் செய்ய வேண்டியது

எண் நமக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்குப் புறப்படும்போது டாக்டரிடம் கேளுங்கள்: "கிட்னிக்கு ஏதாவது ஆயிற்றா? ஆனது எதனால்? கிரியாட்டினின் எவ்வளவு?"

பதிலை டிஸ்சார்ஜ் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளை ரேஷன் கார்டோடு பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை ஸ்கேனுக்கோ ஆபரேஷனுக்கோ போகும்போது முதலில் அதைக் காட்டுங்கள். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள்.

தாளில் உள்ள ஒரு வரி, ஒரு கிட்னியைக் காப்பாற்றும்!