முன்வந்தது மூளையா, காலா?

மனிதனை மற்ற உயிர்களினின்று பிரித்துக் காட்டுவது எது என்று ஒரு வகுப்பில் கேட்டால், ‘அறிவு’ என்ற விடை உடனே வரும். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிகளில் பணி புரிந்தவன் நான். வேறு விடை கூறிய மாணவனை அரிதாகவே கண்டிருக்கிறேன். விடை தவறன்று. ஆனால் அதனுள் இன்னொரு கேள்வி மறைந்திருக்கிறது. மூளை பெருத்த பின்னர் மனிதன் நிமிர்ந்து நின்றானா, அல்லது நிமிர்ந்து நடந்து நெடுங்காலம் சென்ற பின்னரே மூளை பெருத்ததா?

இதில் எது முன்னதானால் என்ன என்று தோன்றலாம். இக்கேள்விக்கு விடையை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டதால், பேரறிஞர் பலர் ஒரு பொய்யை நாற்பதாண்டுகள் போற்றினர். ஒரு மெய்யை இருபதாண்டுகளுக்கு மேல் புறத்தே நிறுத்தினர். அவ்வரலாற்றையே இன்று சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் ஒரு சொல். குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்னும் குரங்குகள் ஏன் இருக்கின்றன என்று சிறுவர்கள் கேட்பதுண்டு, பெரியவர்களும் கேட்கிறார்கள். இன்றுள்ள எந்தக் குரங்கும் நமக்குப் பாட்டன் அன்று. சிம்பன்சியும் நாமும் ஒரே மூதாதையின் வழி வந்த பங்காளிகள். கிளை பிரிந்து அறுபது இலட்சம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று என்பது இன்றைய கணிப்பு.

1912 டிசம்பரில் இலண்டன் நிலவியல் கழகத்தின் முன் ஒரு மண்டையோடு வைக்கப்பட்டது. சசெக்ஸ் மாவட்டத்துப் பில்ட்டவுன் என்னும் ஊரில் சரளைக் குழியொன்றில் கிடைத்ததாகச் சொல்லி அதைக் கொணர்ந்தவர் சார்லஸ் டாசன் என்னும் வழக்குரைஞர். கபாலம் மனிதனுடையது போல் பெரியது. தாடையோ வாலில்லாக் குரங்கினுடையது போன்றது. மூளையே முதலில் வளர்ந்தது என்று நம்பியிருந்தவர்களுக்கு இது தேடிய தெய்வம் எதிரே வந்தது போல் ஆயிற்று. தாடை கபாலத்தோடு பொருந்தும் மூட்டு மாத்திரம் உடைந்து காணாமற் போயிருந்தது. அது இருந்திருப்பின் இரண்டும் ஒரே தலையைச் சேர்ந்தவையா என்பது அன்றே தெரிந்திருக்கும். சந்தேகித்தவர்களும் இருந்தனர், அவர்கள் குரல் எடுபடவில்லை.

இனித் தென்னாப்பிரிக்காவுக்குச் செல்வோம். 1924-ல் ஜொஹானஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றுப் பேராசிரியராக இருந்தவர் ரேமண்ட் டார்ட், வயது 31. டாங் என்னும் ஊரின் சுண்ணாம்புக் கல் சுரங்கத்திலிருந்து அவருக்குப் பெட்டிகளில் பாறைத் துண்டுகள் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்று, மண்டையின் உட்புறத்தில் படிவு இறுகி மூளையின் வடிவை அப்படியே அச்சு வார்த்தது போல் இருந்தது. அதனோடு பொருந்தும் முகம் மற்றொரு கல்லுள் புதைந்திருந்தது. மனைவியின் பின்னல் ஊசியைக் கூராக்கிக்கொண்டு நாள்தோறும் கல்லைச் சுரண்டினார். கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் முன்பு ஒரு குழந்தையின் முகம் வெளிப்பட்டது. பால் பற்கள் முழுமையாக இருந்தன. நிலையான கடைவாய்ப் பற்கள் அப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருந்தன.

மூளை சிறியது, சுமார் 400 கன சென்டிமீட்டர். ஆனால் டார்ட்டின் கருத்தைக் கவர்ந்தது வேறொன்று. முதுகுத்தண்டு மண்டையினுள் நுழையும் துவாரம் நாற்கால் விலங்குகளுக்குப் பின்புறம் தள்ளியிருக்கும். நமக்கோ அடிப்பகுதியின் நடுவே இருக்கிறது, தலை கழுத்தின்மேல் நேராக அமர்ந்திருப்பதால். இந்தக் குழந்தைக்கு அத்துவாரம் முன்னோக்கி அமைந்திருந்தது. கோரைப் பற்களும் சிறியவை. குரங்களவு மூளையுடைய ஓர் உயிர் நிமிர்ந்து நடந்திருக்கிறது! 1925 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் இதை வெளியிட்டு, ஆஸ்திரலோபித்தெகஸ் ஆப்பிரிகானஸ் என்று பெயரும் சூட்டினார்.

இலண்டன் அறிஞர்கள் ஏற்கவில்லை. இது கொரில்லா, சிம்பன்சி வகையின் குட்டியே. குட்டிகளின் முகம் மனிதச் சாயலாய் இருப்பது இயல்பே என்றனர். அவ்வாதத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆயினும் உண்மையான தடை வேறு. பில்ட்டவுன் மெய்யானால் டாங் குழந்தை நம் மரபில் இருக்க இயலாது. இரண்டும் எதிரெதிர்த் திசையைக் காட்டின. அக்காலத்துப் பெரியோர் தம் நாட்டில் கிடைத்ததையே தேர்ந்தெடுத்தனர்.

ராபர்ட் புரூம் என்னும் முதிய மருத்துவர் டார்ட்டுக்குத் துணை நின்றார். எழுபதை நெருங்கும் வயதில், 1936-ல், ஸ்டெர்க்ஃபொன்டெய்ன் குகையில் அவ்வினத்து வளர்ந்த ஒருவரின் மண்டையைக் கண்டார். 1947-ல் இடுப்பெலும்பும் கிடைத்தது. நிமிர்ந்து நடந்தவருக்கே உரிய அகன்ற, குட்டையான இடுப்பெலும்பு அது. எதிர்த்தவருள் தலைமையானவர் ஆர்தர் கீத். எண்பதைத் தாண்டிய அவர் அவ்வாண்டே டார்ட்டின் கருத்தே சரி என்று அச்சில் ஒப்புக்கொண்டார். அம்மட்டில் அவரைப் பாராட்டவேண்டும்.

பில்ட்டவுன் கதை 1953-ல் முடிந்தது. மண்ணில் கிடக்கும் எலும்பு நிலத்தடி நீரிலிருந்து புளோரினைச் சிறிது சிறிதாக உறிஞ்சும். ஒரே இடத்தில் ஒரே காலம் கிடந்த இரு எலும்புகளில் அதன் அளவு ஒத்திருக்கவேண்டும். ஓக்லி, வைனர், லெ குரோ கிளார்க் ஆகிய மூவரும் சோதித்தபோது கபாலமும் தாடையும் ஒத்துப்போகவில்லை. பற்களில் அரத்தால் தேய்த்த கோடுகள் தெரிந்தன. பழமை தோன்றச் சாயமும் ஏற்றப்பட்டிருந்தது. தாடை ஒராங்குட்டானுடையது. மோசடி பெரும்பாலும் டாசன் ஒருவருடையதே என்று 2016-ல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. அவர் 1916-லேயே இறந்துவிட்டார்.

பிறகு வந்த சான்றுகள் ஐயத்தை அறவே நீக்கின. 1974-ல் எத்தியோப்பியாவின் ஹடாரில் டொனால்ட் ஜோஹான்சன் குழுவினர் ‘லூசி’ என்னும் எலும்புக்கூட்டின் சுமார் நாற்பது சதவிகிதத்தைக் கண்டெடுத்தனர். அவளுக்கு வயது 32 இலட்சம் ஆண்டுகள். உயரம் மூன்றரை அடி. இடுப்பும் முழங்காலும் நடப்பவளுடையவை. 1978-ல் தான்சானியாவின் லேடோலியில் மேரி லீக்கி குழுவினர் கண்டவை எலும்புகள்கூட அல்ல, வெறும் காலடிகள். எரிமலைச் சாம்பல் பொழிந்து, அதன்மேல் சிறு தூறல் விழுந்து, ஈரமான அத்தரையில் சிலர் நடந்து சென்றிருக்கின்றனர். தரை இறுகியது, மேலும் சாம்பல் விழுந்து மூடிக் காத்தது. 36 இலட்சம் ஆண்டுகளாகியும் குதிகால் பதிந்த பள்ளம் தெரிகிறது. பெருவிரல் குரங்கினதுபோல் விலகி நில்லாமல் மற்ற விரல்களோடு சேர்ந்தே நிற்கிறது. நம் மூளை இன்று சுமார் 1,350 கன சென்டிமீட்டர். அவர்களுடையது அதில் மூன்றிலொரு பங்கே.

ஏன் நிமிர்ந்தனர் என்பதில் கருத்துகள் பல. இரண்டு கால்களில் நடக்கும் மனிதன் செலவிடும் ஆற்றல், சிம்பன்சி நடக்கச் செலவிடுவதில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கே என்று அளந்திருக்கின்றனர். உணவு தேடி நெடுந்தூரம் அலைந்தவர்களுக்கு அது பெரிய இலாபம். நட்டமும் உண்டு. நாற்கால் உடலுக்கென அமைந்த முதுகெலும்பைச் செங்குத்தாக நிறுத்தியதன் வட்டியை என் போன்றோர் ஒவ்வொரு விடியற்காலையிலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டி வருகிறோம். தாய்மார்களின் பங்கு இன்னும் கடினம். நடப்பதற்கேற்பக் குறுகியமைந்த இடுப்பின் வழியே, பல இலட்சம் ஆண்டுகள் கழித்துப் பெருத்த தலையுடைய குழந்தை பிறக்கவேண்டியிருக்கிறது. அது வழியிலேயே திரும்பித்தான் வெளிவருகிறது. பெரும்பாலும் தாயின் முகத்தைப் பார்க்காமல் முதுகுப்புறம் நோக்கியே வருவதால், பெற்றவள் தானே குனிந்து எடுத்துக்கொள்வது கடினம். எந்நாட்டிலும் பிரசவ வேளையில் இன்னொருத்தி அருகிருப்பது அதனால்தான் என்று உடற்கூற்று அறிஞர் கருதுகின்றனர்.